மாரீஸ்வரி மாற்றிச் சொன்னவை

ஜனவரி 20, திங்கள்

ஆண்டு விழா நாடகத்தை நித்யகல்யாணி எழுதுவாள் என்று தமிழ் எடுக்கும் எஸ்தர் டீச்சர் இன்று வகுப்பில் அறிவித்தார். பதினொன்றாம் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர் இருக்கிறோம். அதில் பள்ளி நூலகத்தில் இரண்டு அட்டைகள் தீர்ந்து மூன்றாவது அட்டை வாங்கியிருப்பவள் நான் மட்டும்தான். அதனால் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. இருந்தாலும் காது சூடாகிவிட்டது.

தலைப்பு ‘அறிவியலும் மனிதமும்’. வீட்டுக்கு வரும் வழியிலேயே கரு கிடைத்துவிட்டது. ரேஷன் கடையில் கைரேகை மெஷின் வைத்திருக்கிறார்கள். உழைத்துத் தேய்ந்த விரல்களுக்கு அதில் ரேகை விழுவதில்லை என்று பேப்பரில் படித்திருந்தேன். ஒரு கிழவி, ஒரு கடைக்காரர், ஒரு மெஷின். நாடகத்தின் பெயர் ‘விரல் வைக்கவும்’.

அம்மாவிடம் முழுவதையும் சொன்னேன். “நல்லாத்தான் இருக்கு. மோட்டாரை ஆஃப் பண்ணிட்டு வா, தொட்டி வழியுது” என்றாள்.

ஜனவரி 22, புதன்

எழுதி முடித்தேன். ஒன்பது பக்கம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் வட்டம் போட்டு உள்ளே ‘சி’ எழுதி, பக்கத்தில் என் முழுப் பெயரையும் ஆண்டையும் எழுதினேன். புத்தகங்களில் அப்படித்தான் இருக்கும்.

அப்பா எட்டிப் பார்த்தார். “என்னம்மா, பக்கத்துக்குப் பக்கம் முட்டை போட்டு வச்சிருக்க?”

“காப்பிரைட்ப்பா. பதிப்புரிமை.”

“ஓகோ. முட்டையத் தொட்டா கோழி கொத்துமா?”

அப்பா கோர்ட்டுக்கு எதிரே தட்டச்சுக் கடை வைத்திருக்கிறார். வக்கீல்கள் சொல்லச் சொல்ல மனுக்களை அடித்துக் கொடுப்பார். எதையும் சீரியஸாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஜனவரி 24, வெள்ளி

கிழவி வேடத்தை நானே போட நினைத்திருந்தேன். உன் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக் கொடுக்கச் சொன்னார்.

கிழவி வேடம் மாரீஸ்வரிக்கு. வாரத்தில் மூன்று நாள் பிரேயர் முடிந்த பிறகு வருகிறவள். தமிழ்ப் புத்தகத்தை என்னிடம்தான் வாங்கிப் படிப்பாள். படித்துவிட்டு எண்ணெய்க் கறையோடு தருவாள். ஆனால் அவள் வாயைத் திறந்தால் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. அவள் சொல்வதை நிறுத்தி யோசித்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் இருக்காது.

கடைக்காரர் ஃபர்ஹானா. மீசை அவளே கொண்டுவருகிறாளாம்.

ஜனவரி 27, திங்கள்

முதல் ஒத்திகை. மெஷினில் ரேகை விழாத இடத்தில் கிழவி சொல்ல வேண்டிய வசனம்: “ஐயா, உழைப்பால் தேய்ந்த விரல்களை உமது அறிவியல் அறியாதா?”

இந்த ஒரு வரிக்கு எனக்கு முழுதாக ஒரு மணி நேரம் ஆனது. மாரீஸ்வரி இதைச் சொல்லவே இல்லை. விரலைப் பாவாடையில் துடைத்தாள், உயர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள், பிறகு சொன்னாள்:

“பதினெட்டு வருசம் தீப்பெட்டி ஒட்டுன விரலு சாமி. ரேகை பூராம் பெட்டியோட போயிருச்சு. வேணும்னா பெட்டியக் கொண்டாந்து வைக்கவா?”

எல்லாரும் சிரித்தார்கள். வராந்தாவில் போய்க்கொண்டிருந்த பி.டி. டீச்சர்கூட நின்று சிரித்தார்.

“மாரீஸ், ஸ்கிரிப்ட்ல இருக்கிறதைச் சொல்லு” என்றேன்.

“அது வாயில நிக்க மாட்டேங்குதுடி. ‘உமது’ன்னு சொல்லும்போது எனக்கே நான் ராஜா வேசம் போட்ட மாதிரி இருக்கு.”

இனி அவள் மாற்றுவதையெல்லாம் தேதி போட்டு இங்கே எழுதி வைக்கப்போகிறேன். மொத்தமாக டீச்சரிடம் காட்டினால் அவருக்கே தெரியும்.

ஜனவரி 29, புதன்

மாரீஸ்வரி இன்று மாற்றிச் சொன்னவை:

கடைக்காரர், “பாட்டி, நீ யாருன்னு மெஷினுக்குத் தெரியல” என்றதும் கிழவி, “நான் இம்மண்ணின் மகள்!” என்று நெஞ்சை நிமிர்த்த வேண்டும். அவள் சொன்னது: “மெஷினு வந்து ரெண்டு வருசம் ஆகுமா? நான் அறுவது வருசமா இந்தத் தெருவுல கெடக்கேன். அதுக்குல்லய்யா என்னையத் தெரிஞ்சிருக்கணும்? நானா போயி அதுகிட்ட அறிமுகம் ஆகணும்?”

ஃபர்ஹானா சிரித்ததில் மீசை கழன்று விழுந்தது. ஒத்திகை பத்து நிமிடம் நின்றது. நான் சிரிக்கவில்லை.

ஜனவரி 31, வெள்ளி

மாரீஸ்வரி இன்று மாற்றிச் சொன்னவை:

ரேகை விழாததால் கடைக்காரர் மெஷினில் கண்ணைக் காட்டச் சொல்கிறார். ஸ்கிரிப்ட்டில் கிழவி மௌனமாகக் கண்ணீர் வடிக்கிறாள். இவள் சொன்னது: “அரிசிக்குக் கையி, பருப்புக்குக் கண்ணு. சீனிக்கு எதைய்யா கேப்ப?”

இதோடு சின்னதும் பெரியதுமாகப் பதினொரு வரிகள் ஆகிவிட்டன. மதியம் பட்டியலை டீச்சரிடம் கொடுத்தேன். அவர் நின்றுகொண்டே படித்தார். பாதியில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். வருத்தப்படுகிறார் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“நல்லவேளை, எழுதி வச்ச நித்யா. இல்லாட்டிக் காத்துல போயிருக்கும். அவ சொல்றதையே ஸ்கிரிப்ட்ல சேர்த்து ஃபேர் காப்பி எடுத்துரு.”

நான் புகார் சொல்லத்தான் போனேன்.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஃபேர் காப்பி எடுத்தேன். நீல மையில் என் கையெழுத்தில் பார்க்கும்போது அந்தப் பதினொரு வரிகளும் மற்ற வரிகளைப் போலத்தான் இருக்கின்றன. தவிர, காற்புள்ளி, கேள்விக்குறி எல்லாம் நான்தான் வைத்தேன். மாரீஸ்வரி ஒரு கேள்விக்குறிகூட வைக்கவில்லை.

பிப்ரவரி 7, வெள்ளி

ஆண்டு விழா.

மைக்கில் “எழுத்து: நித்யகல்யாணி” என்றார்கள். அந்த நேரம் பார்த்து யாரோ நாற்காலியை இழுத்தார்கள். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது.

நான் திரைக்குப் பின்னால் காகிதத்தோடு நின்றேன். ஒரு தடவைகூட எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. தீப்பெட்டி வரி வந்தபோது கூட்டம் சிரித்த சிரிப்பில் திரைத்துணி ஆடியது. சீனி வரிக்குக் கைதட்டல் நிற்கவே இல்லை. மாரீஸ்வரி அது அடங்கும் வரை காத்திருந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, அடுத்த வரியைச் சொன்னாள். எங்கே நிறுத்த வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கடைசியில் எல்லாரும் சேர்ந்து “அறிவியல் வளர்க! அதனோடு மனிதமும் வளர்க!” என்று முழங்கினார்கள். அது என் வரி. அதற்குள் ஆட்கள் செருப்பைத் தேட ஆரம்பித்திருந்தார்கள்.

சிறப்பு விருந்தினர் மாரீஸ்வரியை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போட்டார். அவள் என்னைக் கையைப் பிடித்து இழுத்தாள். “இவதான் சார் எழுதுனா” என்றாள். அவர், “ரொம்ப சந்தோசம்மா” என்று என்னைப் பார்த்துச் சொல்லிவிட்டு, மறுபடியும் அவள் பக்கம் திரும்பி, “அந்தச் சீனி இருக்கே, சீனி…” என்று சிரிக்க ஆரம்பித்தார்.

அவள் இழுக்காமல் இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 8, சனி

அம்மா பக்கத்து வீட்டு அக்காவிடம்: “நித்தி கிளாஸ்ல ஒரு பிள்ள கிழவியா வந்தா பாருங்க, வயிறு வலிச்சுப்போச்சு.”

சீருடைக்கு இஸ்திரி போட்டேன். பொருளியல் இரண்டு பாடம் படித்தேன்.

பிப்ரவரி 11, செவ்வாய்

பள்ளி நாடகங்களைத் தொகுத்து மதுரையில் ஒரு பதிப்பகம் புத்தகம் போடுகிறதாம். எஸ்தர் டீச்சர் படிவத்தை என்னிடம் கொடுத்தார். “எழுதினவங்கதான் நிரப்பணும். நீயும் மாரீஸ்வரியும் உக்காந்து நிரப்புங்க” என்றார். டீச்சருக்குப் பொதுத்தேர்வு வேலை. அவசரமாகப் போய்விட்டார்.

படிவத்தில் இப்படி இருக்கிறது: “இப்படைப்பு என் சொந்தப் படைப்பு என்றும், வேறு எவருடைய பதிப்புரிமையையும் மீறவில்லை என்றும் உறுதி கூறுகிறேன்.” கீழே, “ஆசிரியர் பெயர்.” அதற்கும் கீழே, “இணை ஆசிரியர் (இருந்தால்).”

இருந்தால் என்றுதான் போட்டிருக்கிறது.

பிப்ரவரி 12, புதன்

பொது நூலகத்தில் பதிப்புரிமைச் சட்டம் பற்றித் தமிழில் ஒரு சிறு புத்தகம் இருந்தது. உட்கார்ந்து முழுவதும் படித்தேன்.

வட்டத்துக்குள் ‘சி’ போட வேண்டிய அவசியமே இல்லையாம். பதிவு செய்யவும் வேண்டாமாம். ஒருவர் தானாக ஒன்றைப் படைத்து எழுதியதுமே உரிமை பிறந்துவிடுகிறது. நான் ஒன்பது பக்கத்தில் போட்ட முட்டைகள் வீண். ஆனால் மனதுக்கு நன்றாக இருந்தது. ஜனவரி 22 சாயங்காலமே எனக்கு உரிமை பிறந்திருக்கிறது, அப்பா முட்டை என்று கேலி செய்துகொண்டிருந்தபோது.

உரிமை எழுதியவரின் ஆயுள் முழுவதும், இறந்த பிறகு இன்னும் அறுபது ஆண்டுகளும் இருக்கும். நான் எண்பது வயது வரை இருந்தால், ‘விரல் வைக்கவும்’ இன்னும் நூற்று இருபத்து நான்கு ஆண்டுகளுக்கு என்னுடையது.

உரிமையை விற்றுவிட்டாலும் தன் பெயரைப் போடும்படி கேட்கும் உரிமை எழுதியவரிடமே இருக்கும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது: வெறும் கருத்துக்கு உரிமை கிடையாது. அந்தக் கருத்துக்கு ஒருவர் கொடுத்த சொல்வடிவத்துக்குத்தான் உரிமை. கிணற்றுக்குள் விழுந்த பூனையைப் பற்றி யார் வேண்டுமானாலும் எழுதலாம். ஆனால் ஒருவர் எழுதிய வாக்கியங்களை இன்னொருவர் எடுக்கக் கூடாது.

இதை இரண்டு முறை படித்தேன். மாரீஸ்வரி தந்தவையெல்லாம் ஒரு மாதிரிக் கருத்துகள்தானே. எழுத்து வடிவம் கொடுத்தது நான். ஒத்திகையில் வாயால் சொன்னது அப்போதே கலைந்துவிட்டது. டீச்சரே சொன்னாரே, காற்றில் போயிருக்கும் என்று.

பிப்ரவரி 14, வெள்ளி

படிவத்தை நிரப்பி அனுப்பினேன். ஆசிரியர்: த. நித்யகல்யாணி. எனக்குப் பதினெட்டு வயது ஆகாததால் அப்பாவும் கையெழுத்துப் போட்டார், படிக்காமல் போட்டார். இணை ஆசிரியர் என்ற இடத்தில் கோடு போட்டேன். கோணலாகிவிடக் கூடாது என்று ஸ்கேல் வைத்துப் போட்டேன்.

பிப்ரவரி 17, திங்கள்

மாரீஸ்வரி சாப்பாட்டு நேரத்தில் வெள்ளரிக்காய் கொண்டுவந்தாள். பெரிய துண்டை எனக்குக் கொடுத்தாள். சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

பள்ளி விட்டு அப்பா கடைக்குப் போயிருந்தபோது மதுரையிலிருந்து போன் வந்தது. பதிப்பகத்தின் எடிட்டர், பெயர் இந்திராணி.

“உங்க நாடகம் பிரமாதம்மா. ஆனா ஒரு சிக்கல். வேற ஊர்ல இருந்து ‘கிழவியும் மெஷினும்’னு ஒரு நாடகம் வந்திருக்கு. ரெண்டுலயும் பதினொரு வரி அச்சா ஒண்ணா இருக்கு.”

“அது என்னுடையது மேடம்! திருட்டு!”

“இருக்கலாம். யாருது முதல்லன்னு தெரியணும். பழைய டிராஃப்ட், தேதி போட்ட நோட்டு, ஏதாவது இருக்கா?”

“தேதியோட டைரி இருக்கு மேடம். தினமும் எழுதுவேன்.”

“அருமை. அந்த வரிகள் வர்ற பக்கங்களை மட்டும் போட்டோ எடுத்து அனுப்புங்க. பன்னிரண்டு நாள் டைம் இருக்கு. அதுக்குள்ள தெளிவாகலன்னா ரெண்டு நாடகத்தையும் எடுத்துட வேண்டியதுதான், வேற வழியில்ல.”

போனை வைத்ததும் எனக்குக் கோபத்தோடு இன்னொன்றும் வந்தது. அதையும் எழுதுகிறேன்: பெருமை. திருடும் அளவுக்கு நன்றாக எழுதியிருக்கிறேன்.

பிப்ரவரி 21, வெள்ளி

எப்படிப் போயிருக்கும் என்று தெரிந்துவிட்டது. ஃபர்ஹானாவின் அண்ணன் எங்கள் நாடகத்தை வீடியோ எடுத்து யூடியூப்பில் போட்டிருக்கிறார். அதைப் பார்த்துத்தான் அவர்கள் செய்திருக்கிறார்கள். அவர்களுடைய நாடகமும் யூடியூப்பில் இருந்தது. அப்பா கடைக் கம்ப்யூட்டரில் பார்த்தேன்.

பெயரை மாற்றியிருக்கிறார்கள். என் தொடக்கக் காட்சி இல்லை. வரிசையில் நிற்கும் பெண்கள் பேசிக்கொள்வது இல்லை. “அறிவியல் வளர்க” இல்லை. கிழவியும் கடைக்காரரும் மட்டும். கிழவிக்குக் கோமாளி மாதிரிப் பவுடர் பூசியிருக்கிறார்கள். ஒவ்வொரு வரிக்கும் அவள் கண்ணை உருட்டுகிறாள்.

வீட்டுக்கு வந்து, அனுப்ப வேண்டிய பக்கங்களை எடுத்து வைக்க உட்கார்ந்தேன். ஜனவரி 27. ஜனவரி 29. ஜனவரி 31.

எல்லாப் பக்கத்திலும் ஒரே பெயர்தான் இருக்கிறது. என் கையெழுத்திலேயே இருக்கிறது. “மாரீஸ்வரி இன்று மாற்றிச் சொன்னவை.”

ஒன்பது பக்க நாடகத்தையும் வைத்துக்கொண்டு அவர்களுடைய வீடியோவோடு வரி வரியாக ஒப்பிட்டேன். அவர்கள் என்னுடைய ஒரு வரியைக்கூடத் திருடவில்லை.

ஒன்றைக்கூட.

அப்பா கடையை மூடிவிட்டு வந்ததும் கேட்டேன். “ஒருத்தர் சொல்லச் சொல்ல இன்னொருத்தர் எழுதினா, எழுதினவங்களுக்குத்தானேப்பா உரிமை?”

அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: “அப்படின்னா இந்த ஊர்ல முந்நூறு பேரை நான் டைவர்ஸ் பண்ணியிருக்கேன். உங்கம்மாகிட்டச் சொல்லிராத.”

பிப்ரவரி 22, சனி

தண்ணீர் பிடித்தேன். துணி மடித்தேன். பத்தரைக்கு அப்பா போனில் இந்திராணி மேடத்தைக் கூப்பிட்டேன். தோழி ஒருத்திக்காகக் கேட்பதுபோல் கேட்கலாம் என்று நினைத்திருந்தேன். அவர் “ஹலோ” என்றதும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

பிறகு அவர் கேட்டார்: “ரேஷன் கடை, மெஷின், கிழவி. இது யார் யோசனை?”

“என்னுடையது மேடம்.”

“அதுக்குச் சட்டத்துல ஒண்ணும் கிடையாது, தெரியுமா?”

“தெரியும். கருத்துக்கு உரிமை கிடையாது.” என்னுடையது எது என்று அந்த நிமிடம்தான் எனக்குத் தெரிந்தது. கருத்து என்னுடையது. சொல் அவளுடையது. போன வாரம் நூலகத்தில் இதைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன்.

“காட்சி வரிசை, மத்தப் பாத்திரங்கள் பேசுறது?”

“நான் எழுதினது.”

“அப்ப நீங்களும் ஆசிரியர்தான். ரெண்டு பேர் சேர்ந்து செஞ்சு, இது தனி அது தனின்னு பிரிக்க முடியாம ஒண்ணாக் கலந்திருந்தா, அது கூட்டுப் படைப்பு. ரெண்டு பேர் பேரும் வரணும். புதுப் படிவம் அனுப்புறேன். அந்தப் பொண்ணுக்குப் பதினெட்டு ஆகலைன்னா அவங்க வீட்டுல ஒருத்தர் கையெழுத்து வேணும். மார்ச் நாலுக்குள்ள எனக்கு வரணும்.” பிறகு, “பழைய படிவத்துல கோடு போட்டிருக்கீங்களே, ரொம்ப நேரா இருக்கு” என்றார்.

திட்டியிருக்கலாம்.

பிப்ரவரி 24, திங்கள்

சாப்பாட்டு நேரத்தில் மாரீஸ்வரியிடம் சொன்னேன். வேப்பமரத்தடியில், மற்றவர்கள் கை கழுவப் போயிருந்தபோது. வீடியோ, போன், படிவம், கோடு, எல்லாம்.

முதலில் சிரித்தாள். “ஸ்கேல் வச்சா போட்ட?”

“ம்.”

“என்ன ஸ்கேலு? இரும்பா, பிளாஸ்டிக்கா?”

“பிளாஸ்டிக்.”

“நல்லா யோசிச்சுத்தான் செஞ்சிருக்க.” டப்பாவை மூடினாள். முகம் மாறிவிட்டது. “நான் பேசுறப்பல்லாம் நீ நோட்டுல எழுதிக்கிட்டே இருந்த. நான் என்ன நெனச்சேன் தெரியுமாடி? ஒருத்தியாச்சும் நம்ம சொல்றத எழுதி வைக்கிறாளேன்னு நெனச்சேன். ஃபர்ஹானாகிட்டகூடச் சொன்னேன்.”

“மன்னிச்சுரு மாரீஸ். புதுப் படிவம் வருது. உன் பேரும் போடணும்.”

“போடணும்னு அந்தம்மா சொன்னாங்களா, நீ சொல்றியா?”

பதில் சொல்வதற்குள் மணி அடித்துவிட்டது. அடிக்காவிட்டாலும் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

பேசவில்லை. தமிழ்ப் புத்தகம் கேட்கவில்லை. ஃபர்ஹானாவிடம் வாங்கினாள்.

பிப்ரவரி 26, புதன்

பேசவில்லை. ஃபர்ஹானாவோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அங்கே ஏதோ சொன்னாள், எட்டுப் பேர் சிரித்தார்கள். எனக்குக் கேட்கவில்லை. என்ன சொன்னாள் என்று யாரிடமும் கேட்கவும் முடியாது.

பிப்ரவரி 28, வெள்ளி

மாரீஸ்வரியே வந்தாள். ஃபர்ஹானாவின் போனில் அந்த இன்னொரு வீடியோவைப் பார்த்திருக்கிறாள்.

“அந்தப் பவுடரு மூஞ்சியப் பாத்தேன்” என்றாள். கண் சிவந்திருந்தது. “கண்ண உருட்டுறா. லூசு மாதிரி நாக்கத் துருத்துறா. சிரிக்குறானுக.”

“நம்ம ஆளுங்களும் சிரிச்சாங்கல்ல?”

“சிரிச்சாங்க. நான் சிரிக்க விட்டேன். எந்த எடத்துல, எவ்வளவுன்னு நான் வச்சிருந்தேன். இவளுக யாருடி? எங்கிட்டக் கேட்டாளுகளா?”

சட்டப் புத்தகத்தில் அனுமதி பற்றிப் பன்னிரண்டு பக்கம் இருந்தது. நான் அதையெல்லாம் வேகமாகப் புரட்டிவிட்டிருந்தேன்.

“ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா. அம்மா கையெழுத்துப் போடும்” என்றாள். கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பினாள். “கோவம் போயிருச்சுன்னு நெனைக்காத.”

மார்ச் 2, ஞாயிறு

மாரீஸ்வரியின் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். அவள் அம்மா குருவம்மாள் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறார். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை என்பதால் ஆண்டு விழாவுக்கு வரவில்லை. வாசலில் ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

படிவத்தை நீட்டினேன். எதற்குக் கையெழுத்து என்று கேட்டார். மாரீஸ்வரி, “நாடகத்துக்காகம்மா” என்று மட்டும் சொன்னாள். அவள் அவ்வளவு சுருக்கமாகப் பேசி நான் பார்த்ததில்லை. அதனால் நான் நாடகத்தை எடுத்துப் படித்துக் காட்டினேன். மெஷின் வந்தது. ரேகை விழவில்லை. “ரேகை பூராம் பெட்டியோட போயிருச்சு. வேணும்னா பெட்டியக் கொண்டாந்து வைக்கவா?”

குருவம்மாளின் கை அரிசியில் நின்றது.

“இது நான் சொன்னதுல்ல?” என்றார்.

மாரீஸ்வரி சுவரைப் பார்த்தாள்.

“போன வருசம் கடையில நெசமாவே கேட்டேன் தாயி” என்று என்னிடம் சொன்னார். “ரேகை விழல, ரேகை விழலன்னு நாலு தரம் அனுப்பிட்டாரு. பெட்டியில என் ரேகை இருக்கும்ல, அதக் கொண்டாரவான்னு கேட்டேன். சிரிச்சிருந்தாக்கூடக் கோவப்பட்டிருப்பேன். அந்தாளு சிரிக்கவுமில்ல. ‘அடுத்த ஆளு’ன்னாரு.” மகள் பக்கம் திரும்பினார். “ஏண்டி, வீட்டுல வந்து ஆத்தமாட்டாமச் சொன்னத மேடையேறிப் பேசுனியா? ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா ஒனக்கு?”

மாரீஸ்வரிக்குப் பதில் வரவில்லை. அவளுக்குப் பதில் வராமல் போனதை நான் பார்த்தது அதுதான் முதல் முறை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். அவளும் என்னைப் போலத்தான் என்று தெரிந்ததும் ஒரு வாரமாக இறங்காத சோறு இறங்கியதுபோல் இருந்தது.

“தப்புத்தான்மா” என்றாள் மாரீஸ்வரி.

“சரி, செஞ்சு காட்டு. என்னத்தப் பேசுனன்னு பாப்போம்.”

மாரீஸ்வரி எழுந்தாள். முந்தானைக்குப் பதில் துண்டைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்து செய்தாள். நான் கடைக்காரர், மெஷின், வரிசை எல்லாமாக இருந்தேன். என் குரல் மூன்றாவது பெஞ்சைத் தாண்டாது. அந்த வாசலுக்குப் போதுமாக இருந்தது. சீனி வரிக்குக் குருவம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். “இது நான் சொல்லல. இது இவ சரக்கு” என்றார். பெட்டி வரிக்கு அவர் சிரிக்கவில்லை. நாங்களும் சிரிக்கவில்லை. கேட் மூடும் மணி மட்டும் கேட்டது.

முடிந்ததும், “பதினெட்டு வருசம்னு சொல்ற. இருவத்திரெண்டு வருசம்டி. திருத்திக்கோங்க” என்றார்.

திருத்தினேன்.

“அந்தக் கடைசியில எல்லாரும் கத்துறீங்களே, அது யாரு எழுதுனது?”

“நான்தான்மா.”

“அது வேணாம் தாயி.”

அதையும் அடித்தேன். அதற்கு மட்டும் ஸ்கேல் வைக்கவில்லை.

பிறகு பெயர்கள். யார் பெயர் முதலில் என்ற பேச்சு வருவதற்கு முன்பே, அகர வரிசைப்படி போடுவதுதான் முறை என்று சொல்லிவிட்டேன். ‘ந’ ‘ம’வுக்கு முன்னால் வரும் என்பது எனக்குத் தெரியும். மாரீஸ்வரிக்கும் தெரிந்திருக்க வேண்டும். என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். ஆனால் ஒன்றும் சொல்லாமல் அம்மாவிடம் கேட்டாள்: “ஒன் பேரும் போடவாம்மா? ஒன் வார்த்தைதான அது. வேணாம்னாலும் சரி. கடைக்காரரு பாத்தா எதும் நெனைப்பாரோ என்னமோ.”

“நெனைக்கட்டும். போடு. முழுசாப் போடு.”

குருவம்மாள், நித்யகல்யாணி, மாரீஸ்வரி. ‘க’ ‘ந’வுக்கு முன்னால் வருவது எனக்கு அந்த நேரத்தில் நினைவில்லாமல் போய்விட்டது.

கூட்டுப் படைப்பு என்றால் கடைசியாக இறப்பவர் இறந்த பிறகு அறுபது ஆண்டுகள் என்று விளக்கினேன்.

“அப்ப கடைசியா நான் செத்தா நல்லதா?” என்றாள் மாரீஸ்வரி.

“எல்லாருக்கும் நல்லது.”

“சரி, மெதுவாவே சாகுறேன். ஒனக்காக இல்ல. அம்மாவுக்காக.”

மார்ச் 3, திங்கள்

படிவத்தையும், திருத்திய நாடகத்தையும், டைரியின் மூன்று பக்கங்களையும் போட்டோ எடுத்து அப்பா போனிலிருந்து அனுப்பினேன். ஜனவரி 29-இல் “நான் சிரிக்கவில்லை” என்று எழுதியிருப்பதை விரலால் மறைத்துக்கொள்ளலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். மறைக்கவில்லை.

சாயங்காலம் இந்திராணி மேடம் பேசினார். எங்கள் நாடகம் புத்தகத்தில் வருகிறது, மூன்று பெயர்களோடும். அந்த இன்னொரு பள்ளிக்கு அவரே எழுதுகிறாராம். “கடைசி வரியை எடுத்தது நல்லதாப் போச்சு” என்றும் சொன்னார். எல்லாரும் இதையே சொல்கிறார்கள்.

மார்ச் 4, செவ்வாய்

நாளை மறுநாள் தேர்வு. மாரீஸ்வரி தமிழ்ப் புத்தகம் வாங்கிக்கொண்டு போனாள், என்னிடம்.

சாப்பாட்டு நேரத்தில் என் எதிரே உட்கார்ந்தாள். தேர்வு அறைக்கு வரும் மேற்பார்வையாளரைப் பற்றி ஒன்று சொன்னாள். எனக்குப் புரையேறிவிட்டது. ஃபர்ஹானா முதுகில் தட்டினாள். கை தானாகப் பைக்குள் போய் நோட்டை எடுத்துவிட்டது. பேனாவைத் திறந்த பிறகுதான் நினைவு வந்தது.

“எழுதிக்கட்டுமா?” என்று கேட்டேன்.

மாரீஸ்வரி நோட்டைப் பார்த்தாள்.

“வேணாம்” என்றாள்.

எழுதவில்லை.